சிஓ–பிஓ அடைவுக் கணக்கு: மென்பொருளா, எக்செல்லா, ஆலோசகரா? மறுமதிப்பீட்டுக்குப் போகும் டெல்டா கல்லூரிகளுக்கு ஒரு மதிப்புரை

நாக் என்னும் தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழுவின் மறுமதிப்பீட்டுக்குப் போகும் கலை அறிவியல் கல்லூரிகளிடம் இப்போது மூன்று வகைப் பண்டங்கள் வந்து சேர்கின்றன. சிஓ–பிஓ அடைவைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்று. (ஒரு தாளை முடித்த மாணவர் என்ன செய்யக் கற்றிருக்க வேண்டும் என்பது சிஓ, பட்டப்படிப்பையே முடித்தவர் என்ன கற்றிருக்க வேண்டும் என்பது பிஓ, அவை எவ்வளவு எட்டப்பட்டன என்பது அடைவு.) அதே வேலையைச் செய்யும் எக்செல் கோப்பு இன்னொன்று. நாக்குக்குக் கல்லூரி கொடுக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையான எஸ்எஸ்ஆர் முழுவதையும் முடித்துத் தருகிறோம் என்னும் ஆலோசனைச் சேவை மூன்றாவது. மூன்றையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம்: வகுப்பில் எந்தப் பாடம் மாணவர்களுக்குப் பிடிபடவில்லை என்பதை இது காட்டுகிறதா, மறைக்கிறதா? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை மனத்தில் வைத்துச் சொன்னால், விற்கப்படும் பெரும்பாலான கருவிகள் கூட்டல் பெருக்கலில் தவறு செய்வதில்லை. எதைக் கூட்டுகிறோம் என்ற இடத்தில்தான் சறுக்குகின்றன.

நாக்கின் 2017 திருத்திய கட்டமைப்பில் ஏழு கிரைட்டீரியன் (மதிப்பீட்டு அளவுகோல்), மொத்தம் 1000 மதிப்பெண். இணைப்புக் கல்லூரிக்கு இரண்டாவது கிரைட்டீரியனான கற்பித்தல், கற்றல், மதிப்பீட்டுக்கு மட்டும் 350. தன்னாட்சிக் கல்லூரிக்கு 300. அதற்குள் 2.6 என்ற பகுதிதான் மாணவர் என்ன கற்றார் என்று கேட்கிறது. சிஓக்களையும் பிஓக்களையும் எழுதி இணையதளத்தில் வைப்பது 2.6.1. அவை எட்டப்பட்டனவா என்று அளப்பது 2.6.2. தேர்ச்சி விழுக்காடு 2.6.3. முதலாவதும் மூன்றாவதும் ஆவணம் இருந்தால் முடிந்துவிடும். நடுவிலுள்ளதற்குத்தான் இத்தனை வியாபாரம்.

அந்த 2.6.2-க்கு நாக் எந்தச் சூத்திரத்தையும் கட்டாயமாக்கவில்லை. "நாக் ஃபார்முலா இதுதான்" என்று விற்பவர் சொன்னால், அவர் காட்டுவது பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகள் என்பிஏ (தொழிற்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரத்துக்காகப் போடும் கணக்கு. 70 விழுக்காடு மாணவர் இலக்கைத் தொட்டால் நிலை 3, 60 என்றால் 2, 50 என்றால் 1. தேர்வு மதிப்பெண்ணான நேரடி மதிப்பீட்டுக்கு 80 விழுக்காடு எடை, மாணவர் கருத்துக்கணிப்புக்கு 20. கெட்ட முறை அல்ல. ஆனால் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் கல்லூரிக்கு அதை அப்படியே தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பி.காம் அடக்கவிலைக் கணக்கியல் தாளை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 50 பேர். நான்காம் அலகின் சிஓ4, துணைப்பொருள்களுக்கு அடக்கவிலை பிரித்தல். ரைஸ் மில்லில் நெல் அரைத்தால் அரிசியோடு தவிடு, உமி, குருணையும் வரும். தவிடு விற்ற காசை அரிசியின் அடக்கத்திலிருந்து எப்படிக் கழிப்பது என்பதுதான் பாடம். இந்த வட்டாரத்து மாணவருக்கு இதைவிடக் கண்ணெதிரே உள்ள கணக்கு வேறு இல்லை. இலக்கு 60 விழுக்காடு மதிப்பெண் என்று வைப்போம். இன்டர்னலில் சிஓ1-இல் 36 பேர் இலக்கைத் தொட்டார்கள், அதாவது 72 விழுக்காடு, நிலை 3. சிஓ4-இல் 23 பேர்தான், 46 விழுக்காடு, நிலை 0. பாதி வகுப்புக்கு மேல் அந்தப் பாடம் ஏறவில்லை என்று இதுவரை கணக்கு நேர்மையாகச் சொல்கிறது.

அடுத்து எக்ஸ்டர்னல் வருகிறது. விடைத்தாள் மையத் திருத்தத்துக்குப் போய்விடும். கல்லூரிக்குத் திரும்பி வருவது 75-க்கு எத்தனை என்ற ஒற்றை மொத்தம் மட்டும். எந்தக் கேள்விக்கு எத்தனை என்பது கல்லூரிக்குத் தெரியாது. எனவே மென்பொருள் என்ன செய்கிறது? 50 பேரில் 31 பேர் மொத்தத்தில் இலக்கைத் தொட்டார்கள், 62 விழுக்காடு, நிலை 2 என்று கண்டு, அந்த 2-ஐ ஐந்து சிஓவுக்கும் ஒரே மாதிரி ஒட்டிவிடுகிறது. 25:75 என்று கலந்தால் சிஓ1-க்கு 2.25, சிஓ4-க்கு 1.5. அதன்மேல் கருத்துக்கணிப்பு 20 விழுக்காடு. ஆசிரியர் எதிரில் நிற்க, மாணவர் எல்லாரும் "முழுமையாகப் புரிந்தது" என்று டிக் அடித்தால் அது 3. கடைசியில் சிஓ1 2.4, சிஓ4 1.8. மூன்று நிலை இடைவெளி 0.6 ஆகச் சுருங்கிவிட்டது. கல்லூரி வைத்த வரம்பு 1.5 என்றால் சிஓ4-க்கு எதிரே பச்சை நிறத்தில் "அடையப்பட்டது" என்று விழும். 27 பேருக்குத் தெரியாத பாடம் அது.

இது மென்பொருளின் பிழை என்று சொல்ல முடியாது, கொடுத்ததைத்தான் கலந்தது. ஆனால் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது: இன்டர்னல் அடைவை சிஓ வாரியாகவும், எக்ஸ்டர்னல் அடைவைத் தாள் வாரியாகவும் தனித்தனிப் பத்தியாகக் காட்ட முடியுமா? முடியாது, இரண்டும் கலந்த ஒரே எண்தான் வரும் என்றால் அந்தக் கருவி இணைப்புக் கல்லூரிக்கு உதவாது. சூத்திரம் கட்டாயமில்லை என்பதால் இரண்டு பத்தியாகவே எஸ்எஸ்ஆரில் எழுதலாம். ஏன் கலக்கவில்லை என்ற விளக்கத்தை மூன்று வரியில் கொடுத்தால் நாக்கின் ஆய்வுக் குழுவான பியர் டீமுக்குப் புரியும்.

கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளின் நிலைமை வேறு. தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் கல்லூரிக்குள்ளேயே இருப்பதால் விடைத்தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முகப்புத் தாளில் கேள்வி எண் கட்டத்தில் திருத்துபவர் மதிப்பெண்ணை எழுதியிருப்பார். அதைப் பார்த்தே உள்ளிடலாம். பழக்கமான 75 மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று என்று ஒரு மாணவருக்கு 18 கட்டம். ஆயிரம் விடைத்தாளுக்கு 18,000 கட்டம். எல்லாத் தாளுக்கும் ஒரே பருவத்தில் செய்வது அலுவலகத்துக்குச் சுமை. போன ஆண்டு தேர்ச்சி குறைந்த தாள்களில் தொடங்குவது நல்லது.

மென்பொருள்களை ஒப்பிடும்போது விளக்கப் படத்தில் வரும் வண்ண வரைபடங்களை விட்டுவிட்டு மூன்று நான்கு இடங்களைச் சொந்தத் தரவால் சோதிக்க வேண்டும். முதலில், தேர்ந்தெடுத்து எழுதும் கேள்வி. பகுதி இ-இல் ஐந்தில் மூன்றை எழுதச் சொல்கிறோம். சிஓ4 கணக்கை 12 பேர் மட்டும் எழுதி, அதில் 9 பேர் இலக்கைத் தொட்டதாக வைத்துக்கொள்வோம். எழுதியவரை வைத்து வகுத்தால் 75 விழுக்காடு, நிலை 3. வகுப்பு முழுவதையும் வைத்து வகுத்தால் 18 விழுக்காடு, நிலை 0. இரண்டில் எதுவும் முழு உண்மை அல்ல. 38 பேர் அந்தக் கணக்கைத் தொடாமல் தாண்டிப் போனார்கள் என்பதுதான் ஆசிரியருக்குத் தேவையான செய்தி. நல்ல கருவி எழுதியவர் எண்ணிக்கையை அடைவுக்குப் பக்கத்திலேயே காட்டும். மோசமான கருவி வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக எண்ணும், அல்லது 12 பேரை வைத்து நிலை 3 கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இதற்கு வினாத்தாள் பக்கத்திலும் மருந்து உண்டு: இன்டர்னலில் "அல்லது" கேள்வியின் இரண்டு பக்கமும் ஒரே சிஓவிலிருந்து, ஒரே கே நிலையில் (நினைவுகூர்வது கே1 முதல் உருவாக்குவது கே6 வரை ஏறும் ப்ளூமின் கற்றல் படிநிலை) இருக்கட்டும்.

அடுத்தது வராதவர். தேர்வுக்கு வராத மாணவருக்கு ஆசிரியர் "ஏபி" என்று போடுவார், சிலர் கோடு போடுவார், சிலர் காலியாக விடுவார். மூன்றையும் கருவி ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிறதா என்று ஐந்து பேர் கொண்ட பொய்த்தரவை உள்ளிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

தமிழ் எழுத்துரு டெல்டாவின் பழைய தலைவலி. துறைகளில் வினாத்தாள் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டப்பட்டிருக்கும். அதை வெட்டி மென்பொருளில் ஒட்டினால் கேள்வி முழுவதும் கிறுக்கலாக மாறும். ஆண்டு முழுவதும் ஏற்றிய வினா வங்கி பயனற்றுப் போகும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தமிழ்த்துறைக்கு மட்டும் இந்தத் தொல்லை என்று நினைக்கக் கூடாது. வரலாறு, பொருளியல், வணிகவியல் தமிழ்வழி வகுப்புகளுக்கும் இதே கதிதான்.

உள்ளிடும் வேலையின் அளவையும் சொல்லியாக வேண்டும். இன்டர்னல் தேர்வில் ஒரு மாணவர் 12 கேள்விக்கு விடை எழுதினால் 50 பேருக்கு 600 கட்டம். கட்டத்துக்கு 4 நொடி என்றாலும் 40 நிமிடம். பருவத்துக்கு இரண்டு தேர்வு, ஆசிரியருக்கு நான்கு தாள் என்றால் 4,800 கட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல். கைபேசித் திரையில் இதைச் செய்யச் சொல்லும் கருவியை யாரும் ஒழுங்காக நிரப்ப மாட்டார்கள். கடைசி வாரத்தில் மொத்த மதிப்பெண்ணை அலகுகளுக்குப் பங்கு போட்டு நிரப்புவார்கள். அப்படி நிரப்பிய கோப்பைக் கண்டுபிடிப்பது எளிது: எல்லா மாணவருக்கும் ஐந்து சிஓவிலும் ஏறக்குறைய ஒரே விழுக்காடு இருக்கும். எனவே இணையம் இல்லாமலே எக்செல் தாளில் உள்ளிட்டு, பிறகு ஏற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும் ஊர்களில் இது அவசியம். கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தனி லாகின் உண்டா, அவர்கள் விலகினால் அவர்கள் உள்ளிட்டது யார் பெயரில் நிற்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில துறைகளில் பாதிக்கு மேற்பட்ட தாள்கள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை விடாமல் எழுதி வாங்க வேண்டும்: சந்தா நின்றாலும் கேள்வி வாரியான மூலத்தரவு முழுவதும் எக்செல் வடிவில் திருப்பித் தரப்படும். மறுமதிப்பீடு ஐந்தாண்டுத் தரவைக் கேட்கும். மூன்றாம் ஆண்டில் நிறுவனத்தை மாற்றினால் பழைய ஆண்டுகளுக்குப் பிடிஎஃப் அறிக்கை மட்டும் கையில் மிஞ்சும். நாக் தரவைச் சரிபார்க்கும் டிவிவி கட்டத்தில் விளக்கம் கேட்டால் அதை வைத்து எதையும் மறுபடி கணக்கிட முடியாது.

எக்செல்லுக்கு வருவோம். ஒரு துறைக்கு இரண்டு மூன்று வகுப்பு உள்ள சிறிய கல்லூரிக்கு இதுவே போதும் என்பது எங்கள் முடிவு. காசு இல்லை, சூத்திரம் கண்ணுக்குத் தெரியும், ஆசிரியரே திருத்தலாம். ஆனால் அதே திறந்த தன்மையால்தான் கெடுகிறது. 60 வரிக்கு எழுதிய சூத்திரத்தில் 64 பேர் வகுப்பை ஒட்டினால் கடைசி நான்கு பேர் கணக்கிலேயே வர மாட்டார்கள். யாரோ ஒருவர் சூத்திரத்தின் மேல் எண்ணைத் தட்டிவிட்டால் அடுத்த ஆண்டும் அதே எண் நிற்கும். பதிவெண் நீளமாக இருந்தால் எக்செல் அதை அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும், 15 இலக்கத்தைத் தாண்டினால் கடைசி இலக்கங்களைத் தொலைத்துவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே உரை வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

கோப்புகளில் கை மாறி கை மாறிப் பரவியிருக்கும் ஒரு பிழை பிஓ கணக்கில் இருக்கிறது. சரியான கணக்கு: ஒவ்வொரு சிஓ அடைவையும் அதன் மேப்பிங் எடையால் (அந்த சிஓ அந்தப் பிஓவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1 முதல் 3 வரை போடும் எண்) பெருக்கிக் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பிஓ1-க்கு சிஓ1 எடை 3, சிஓ4 எடை 1, மற்றவை காலி என்றால் 2.4 மூன்று மடங்கு 7.2, அதோடு 1.8 சேர்த்து 9. நான்கால் வகுத்தால் 2.25. பிழையான கோப்பு இந்த 9-ஐ சிஓக்களின் எண்ணிக்கையான ஐந்தால் வகுத்து 1.8 என்று காட்டும். நல்ல அடைவு காரணமில்லாமல் சரியும். சரிந்ததும் மேப்பிங்கில் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டு "சரிசெய்வார்கள்". பிறகு எல்லா சிஓவும் எல்லா பிஓவுக்கும் முழு வலுவில் உதவுகிறது என்ற அபத்தமான அட்டவணை எஸ்எஸ்ஆரில் போய் உட்காரும். அடிப்படைத் தமிழ்ச் செய்யுள் தாளுக்கும் தொழில்முனைவுப் பிஓவுக்கும் நடுவே 3 இருந்தால் பியர் டீம் உறுப்பினர் முதலில் கேட்பது அதைத்தான். தொடர்பில்லாத கட்டத்தைக் காலியாக விடத் துணிவு வேண்டும்.

ஆலோசகரிடம் கொடுக்கத் தகுந்த வேலையும் உண்டு. எஸ்எஸ்ஆரை வெளியாளின் கண்ணால் படித்து எங்கே சான்று இல்லை என்று சொல்வது, மாதிரிப் பார்வை நடத்துவது, ஐஐக்யூஏ என்னும் தொடக்க விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் எஸ்எஸ்ஆருக்குக் கிடைக்கும் 45 நாட்களுக்கு வேலைத் திட்டம் போடுவது: இவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. சிஓக்களை எழுதித் தருவதற்குக் கொடுக்கும் பணம் வீண். அவர் எழுதும் சிஓவில் ப்ளூம் அட்டவணையின் உயர்ந்த வினைச்சொல் இருக்கும், "மதிப்பிடுவர்", "உருவாக்குவர்" என்று. வினாத்தாளில் "துணைப்பொருள் என்றால் என்ன?", "சிறுகுறிப்பு வரைக" என்று இருக்கும். கே5 என்று சொன்ன சிஓவைக் கே1 கேள்வியால் அளந்த கணக்கு எத்தனை மென்பொருள் வைத்தாலும் பொய்க்கணக்குதான். தாளை நடத்தும் ஆசிரியரே மில்லின் அரவைக் கணக்கைக் கொடுத்து "தவிட்டின் விற்பனை மதிப்பைக் கழித்து ஒரு குவிண்டால் அரிசியின் அடக்கம் காண்க" என்று கேட்டால் அது கே3. சிஓவிலும் "கணக்கிடுவர்" என்று எழுதினால் போதும், இரண்டும் பொருந்திவிடும்.

இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளநிலைத் தேர்ச்சிக்கு 40 விழுக்காடு என்பதால் அதையே சிஓ இலக்காகவும் வைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வைத்தால் எல்லாம் 3 ஆகும்; எங்கே பலவீனம் என்று தெரியாது. முந்தைய மூன்று ஆண்டுகளின் வகுப்புச் சராசரியை எடுத்து, அதற்குச் சற்று மேலே வையுங்கள். அந்தச் சராசரியில் கொரோனா காலத்து இணையவழித் தேர்வு ஆண்டைச் சேர்த்தால் இலக்கு பொய்யாக உயரும். ஒதுக்கிவிட்டு, ஒதுக்கிய காரணத்தை எழுதிவையுங்கள்.

டெல்டாவுக்கென்று ஒரு சோதனை உண்டு: எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடம் இருக்கிறதா? ஒற்றைப்படைப் பருவத்தின் நான்காம், ஐந்தாம் அலகுகள் வடகிழக்குப் பருவமழை நாட்களில் நடக்கின்றன. மழை விடுமுறைகளில் வகுப்பு போகும், இரண்டாம் இன்டர்னல் தள்ளிப்போகும், கடைசி அலகை மூன்று நாளில் ஓட்டிவிடுவார்கள். இரட்டைப்படைப் பருவத்தின் முதல் இன்டர்னல் சம்பா அறுவடையோடு மோதும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருக்கும் வீட்டுப் பிள்ளை அந்த வாரம் வகுப்பில் இருக்க மாட்டான். சிஓ4, சிஓ5 ஆண்டுதோறும் தாழ்ந்தே இருந்தால் அது பாடத்தின் கடினமா, நாட்காட்டியின் குறையா என்று பிரித்துப் பார்க்க அந்தக் குறிப்புப் பத்தி தேவை. நாட்காட்டிதான் காரணம் என்றால் மருந்தும் எளிது: கடினமான அலகை ஆகஸ்டுக்கு முன்னே இழுத்துவிடுங்கள். அலகுகளை ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாகவே நடத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மென்பொருள் அலகு வரிசையையும் தேர்வு வரிசையையும் பூட்டி வைத்திருந்தால், முதல் இன்டர்னலில் நான்காம் அலகுக் கேள்வியை ஏற்க மறுக்கும். இதையும் முன்னாலேயே சோதியுங்கள்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் கல்லூரிகளை மதிப்பிடும் வாஸ்க் அமைப்பு 2001 கையேட்டில் இரண்டையும் பிரித்தது: கல்லூரியிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் திறன் ஆய்வு ஒன்று, மாணவர் என்ன கற்றார் என்று பார்க்கும் கல்விப் பயன் ஆய்வு இன்னொன்று. 2013 கையேட்டில் நடைமுறையை ஒன்றாக்கிவிட்டாலும் அந்தப் பிரிவினை கருவி வாங்குபவருக்கு இன்றும் உதவும். மென்பொருள் தரும் நாற்பது அறிக்கைகளையும் அச்சிட்டு, "இருக்கிறது" என்று சொல்பவற்றை ஒரு பக்கமும் "கற்றார்" என்று சொல்பவற்றை இன்னொரு பக்கமும் அடுக்குங்கள். இரண்டாவது அடுக்கில் இரண்டு மூன்றுதான் சேரும். விலை அந்த இரண்டு மூன்றுக்குத்தான்.

மாணவர் நிறைவுக் கணக்கெடுப்பு இந்தக் கருவிகளின் வேலை இல்லை என்றாலும், சிலர் அதையும் சேர்த்து விற்கிறார்கள். 2.7-இல் வரும் அந்தக் கணக்கெடுப்பை நாக்கே மாணவரின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. கல்லூரிகளில் மாணவர் தொகையில் 10 விழுக்காடு அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பதில் வர வேண்டும். சேர்க்கையின்போது நெட் சென்டரில் உருவாக்கி மறந்துபோன முகவரிகளைப் பட்டியலில் ஏற்றினால் பதில் வராது. கேட்டவுடன் திறந்து காட்டும் முகவரிகளை மட்டும் ஆண்டுதோறும் வகுப்பில் சரிபார்த்துக்கொள்ள எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும்.

2024 ஜனவரியில் அங்கீகாரம் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் இருநிலை அங்கீகார முறையை நாக் அறிவித்த பிறகு, ஏ++, ஏ+ என்ற தரவரிசைக்காக மட்டும் எழுதப்பட்ட வார்ப்புருக்களுக்கு ஆயுள் குறைவு. கேள்வி வாரியான மதிப்பெண் பதிவு எந்த முறை வந்தாலும் பயன்படும். வாங்குவதானால் அதைச் செய்யும் பகுதியை மட்டும் வாங்குங்கள். கல்லூரி நிர்வாகம் முழுவதையும் நடத்தும் ஈஆர்பி மென்பொருளுக்குப் போக அவசரம் இல்லை.

பரிந்துரை இது. ஆயிரம் மாணவருக்குள் உள்ள இணைப்புக் கல்லூரி: எக்செல், சூத்திரக் கட்டங்களைப் பூட்டி, கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி ஒரே பதிப்பை எல்லாத் துறைக்கும் கொடுத்து. பெரிய இணைப்புக் கல்லூரி: இரண்டு பத்தி அறிக்கை தரும் மென்பொருள், ஓராண்டுச் சந்தா, ஒரு துறையில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு. தன்னாட்சிக் கல்லூரி: தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் முடிவு வெளியிடும் மென்பொருளோடு இணையும் கருவி, இணையாவிட்டால் வேண்டாம். ஆலோசகர் எல்லாருக்கும் கடைசியில், படித்துப் பார்க்க மட்டும்.

எதை வாங்கினாலும், பருவ முடிவில் துறைக் கூட்டத்தில் ஒரு தாளுக்கு ஒரு பக்கம் மேசைக்கு வரவேண்டும்: தாழ்ந்த சிஓ எது, எத்தனை பேர் அந்தக் கேள்வியைத் தொடவில்லை, அடுத்த பருவம் என்ன மாற்றப்போகிறோம், யார் செய்வது, எந்தத் தேதிக்குள். எச்ஓடி கையெழுத்திட்டு ஐக்யூஏசிக்கு ஒரு நகல், ஆண்டுத் தர அறிக்கையான ஏக்யூஏஆர் கோப்பில் ஒரு நகல். அடுத்த ஆண்டு அதே சிஓவின் எண்ணை அந்தப் பக்கத்தின் பின்புறம் எழுதுங்கள். இப்படி ஐந்து ஆண்டுத் தாள்களைத் துறைவாரியாகத் தைத்து வைத்தால் 2.6.2-க்கான சான்றுக் கோப்பு அதுவே.